பதினொரு பங்கு தரிசு

முதல் நாள், ஜோத்பூர்

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் சித்தப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். ஆட்டோக்காரர்கள் நாலு பேர் எங்களைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

“இதப் போயி பாலைவனங்கிறாய்ங்க. மழை பேஞ்சா வெளையும்ப்பா இது.”

“மழைதான் பெய்யாதே சித்தப்பா.”

“நமக்கு மட்டும் கொட்டுதாக்கும்.”

நாங்கள் முதுகுளத்தூர் பக்கம். சித்தப்பாவுக்கு 67 வயது. கண்மாய்க்குக் கீழே நாலு ஏக்கரில் நெல்லும் முண்டு மிளகாயும் போடுகிறார். கண்மாய்க்கு மேலே ஆறு ஏக்கர் மேட்டுத் தரிசு கிடக்கிறது. கமுதியில் சூரிய மின்நிலையம் வந்ததிலிருந்து எங்கள் பக்கம் தரிசுக்கும் ஆள் தேடி வருகிறார்கள். புரோக்கர் ஒருவர் மூன்று மாதமாகப் போன் மேல் போன். “பாலைவனத்துலயே வெள்ளாமை எடுக்குறாய்ங்களாம், போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று அவரைத் தட்டிக்கழிக்கச் சித்தப்பா ஒரு பேச்சுக்குச் சொன்னார். நான் நிஜமாகவே டிக்கெட் போட்டுவிட்டேன்.

மதியம் காஸ்ரி. மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1952இல் பாலைவனத்தில் மரம் வளர்ப்பதற்கான சிறு நிலையமாகத் தொடங்கி, 1959இல் இந்தப் பெயரைப் பெற்றது. மணல்மேடு நகராமல் எப்படிக் கட்டிப்போடுகிறார்கள் என்று படங்களோடு வைத்திருக்கிறார்கள். முதலில் வேலி போட்டு ஆடுமாடு ஏறாமல் தடுக்க வேண்டும். பிறகு காற்று வரும் திசைக்குக் குறுக்கே காய்ந்த குத்துச்செடிகளை வரிசையாக நட்டு, மணலை ஓடவிடாமல் நிறுத்த வேண்டும். அந்த மறைப்புகளுக்கு நடுவே புல் விதைத்து மரக்கன்று வைக்க வேண்டும். மூன்று நாலு வருடம் யாரும் மேய்க்காமல் இருந்தால் மேடு நின்றுவிடும். “யாரும் மேய்க்காமல்” என்பதுதான் இதில் கடினமான பகுதி என்று சுற்றிக்காட்டியவர் சிரித்தார்.

வெளியே வரும்போது சுவரோரம் ஒரு மரத்தைப் பார்த்துச் சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். “டேய், இது நம்ம கருவேல!” சீமைக் கருவேலமேதான். ஜோத்பூரை ஆண்ட மார்வார் அரசு இதைக் கொண்டாடி வளர்த்து, 1940இல் ‘ராஜ மரம்’ என்றே அறிவித்ததாம். பாலைவனத்தைப் பச்சையாக்கும் என்று நம்பினார்கள். பச்சையாக்கத்தான் செய்தது. எங்கள் ஊரில் எவ்வளவு பச்சை என்று ராமநாதபுரம் பஸ்ஸில் ஒருமுறை போனவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் நாள், கேஜட்லி

ஜோத்பூருக்குத் தென்கிழக்கே முக்கால் மணி நேரம். வழியெல்லாம் வயல்களுக்கு நடுவே மொட்டையடித்த மரங்கள். கிளை ஒன்றுகூட இல்லாமல், முஷ்டியை மடக்கி நிறுத்தியது போல நிற்கின்றன. சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மரத்தைக் கும்புடுற ஊருன்ன, இந்த வெட்டு வெட்டியிருக்காய்ங்க?”

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு விளக்கினார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மொழிபெயர்த்தேன். மரத்தின் பெயர் கேஜ்டி. குளிர்காலத் தொடக்கத்தில் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். உதிர்த்துக் காயவைத்த இலைக்கு லூங் என்று பெயர். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அதுதான் தீனி. நிழல் போனதால் கீழே குளிர்காலப் பயிருக்கு வெயில் கிடைக்கும். கோடை வருவதற்குள் மரம் மறுபடி தழைத்து, வெயில் கொடூரமாக இருக்கும் மாதங்களில் நிழல் தரும். காய் சாங்க்ரி, பிஞ்சில் பறித்துக் காயவைத்தால் வருடம் முழுக்கக் குழம்புக்கு ஆகும். ஆணிவேர் ஆழத்துக்குப் போய்விடுவதால் மேலே கம்பு போட்டால் தண்ணீருக்குப் போட்டி இல்லை. பயறு வகைக் குடும்பம் என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்து வேறு. கேஜ்டிக்கு அடியில் கம்பு மற்ற இடத்தைவிட நன்றாக வரும் என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரிந்த சங்கதி.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் சித்தப்பா ஒரு மரத்தடிக்குப் போய் விழுந்து கிடந்த ஈர்க்கைப் பொறுக்கி, முள்ளைப் பார்த்து, இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டார்.

“வன்னிடா இது.”

வன்னிதான். விருத்தாசலம் கோயிலிலும் திருவான்மியூரிலும் தலவிருட்சமாகச் சுற்றி வந்து கும்பிடுகிறோமே, அதே மரம். பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்து வைத்ததாகச் சொல்லும் மரம். கோயிலுக்கு வெளியே வயலுக்கு நடுவில், சட்டிக்கும் கலப்பைக்கும் ஆட்டுக்குமாக அது வேலை செய்வதை நாங்கள் இரண்டு பேரும் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கேஜட்லியில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 1730இல் ஜோத்பூர் மன்னர் அபய்சிங்கின் ஆட்கள், கட்டட வேலைக்குச் சுண்ணாம்புக் காளவாய் எரிக்க இங்கே வன்னி மரங்களை வெட்ட வந்தார்கள். மரத்தையும் விலங்கையும் காப்பதை மதமாகவே கொண்டவர்கள் பிஷ்னோய்கள். அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய்ப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டுப்பட்டார். அவர் மகள்களும் அப்படியே. மொத்தம் 363 பேர். தலை போய் மரம் நின்றால் அதுவும் மலிவான பேரம்தான் என்று அவர் சொன்னதாக இங்கே சொல்கிறார்கள். நினைவிடத்தில் மான்கள் ஆளைக் கண்டு ஓடாமல் மேய்ந்துகொண்டிருந்தன. நான் படம் எடுத்தேன். சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

மூன்றாம் நாள், ஜெய்சல்மேர் போகும் வழி

காலையில் பேசி வைத்திருந்த வண்டி வரவே இல்லை. போனை எடுக்கவும் இல்லை. இரண்டு மணி நேரம் வீணாகி, கேட்ட காசைக் கொடுத்து வேறு வண்டி பிடித்தோம். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஜெய்சல்மேருக்குக் கொஞ்சம் முன்னால் சாலையை விட்டு விலகி, தேக்ராய் மாதா கோயிலின் ஓரணுக்குள் போனோம். ஓரண் என்றால் சாமிக்கு விட்ட காடு. நம் கோயில்காடு மாதிரி. ஆனால் பரப்பு பெரிது, கண்ணுக்கெட்டிய வரை புல்லும் முட்புதரும் மட்டுமே. கோடாலி படக்கூடாது, ஏர் படக்கூடாது. ஊர் மாடும் ஒட்டகமும் மேயலாம். நடுவில் ஒரு ஏரி. அவ்வளவு பெரிய நிலத்தில் விழும் மழை அந்த ஏரிக்கு வருகிறது.

வானத்தில் மின்கம்பிகள். அழிந்துவரும் பெரிய பறவையான கானமயில்கள் இவற்றில் மோதிச் சாகின்றன என்றுதான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு வந்தது. பிறகு அது தளர்த்தப்பட்டது. ஒருகாலத்தில் கானமயில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை. ஓரண்களில் பல, வருவாய்த்துறைக் கணக்கில் ஓரண் என்று ஏறவே இல்லை; வெறும் தரிசு என்றுதான் இருக்கின்றன. அதனால் சூரிய மின்நிலையங்களுக்கு ஒதுக்குவது சுலபமாகிவிடுகிறது. ஓரண் என்று பதிவு செய்யச் சொல்லி ஊர்க்காரர்கள் நடையாக நடக்கிறார்கள்.

“தரிசுன்னு எழுதுனவன் யாரு?” என்றார் சித்தப்பா. அதற்குமேல் ராத்திரி வரை பேச்சில்லை.

நான்காம் நாள், குல்தாரா அருகே

இந்தப் பயணத்துக்கு வந்ததே இதற்காகத்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்சல்மேரில் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 200 மில்லிமீட்டர்தான். எங்கள் ராமநாதபுரத்தில் சராசரி 800. நாங்கள் அதை வைத்துக்கொண்டு வறட்சி மாவட்டம் என்கிறோம். அப்படியிருக்க, காலை ஒன்பது மணிக்கு ஒரு கல்மேட்டில் ஏறி நின்றபோது கீழே தெரிந்தது கோதுமை. நட்டநடுப் பாறைக்காட்டில் பாய் விரித்தது போலப் பச்சை. ஓரமாகக் கொண்டைக்கடலை பூத்திருந்தது. கிணற்றுப் பாசனம் இல்லை, மோட்டார் இல்லை, வாய்க்கால் இல்லை. விதைத்த நாளிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூடப் பாய்ச்சவில்லை என்றார் நிலத்துக்காரர். ஜனவரி கடைசி, மழை போய் நாலு மாதமாகிறது.

இதற்குப் பெயர் கடீன். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் பாலிவால் பிராமணர்கள் இந்தப் பக்கம் இதைப் பெருக்கினார்கள் என்கிறார்கள். நிலம் மன்னருடையது, உழைப்பு இவர்களுடையது, விளைச்சலில் ஒரு பங்கு அரண்மனைக்கு. பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலிவால்கள் குல்தாரா முதலான ஊர்களைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார்கள். திவான் சாலிம் சிங்கின் கொடுமையால் ஒரே ராத்திரியில் போனார்கள் என்பது கதை. தண்ணீர் வற்றியதும் காரணமாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. குல்தாராவில் இப்போது பேய் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறது கூட்டம். பக்கத்திலேயே அவர்கள் விட்டுப்போன அறிவு கோதுமையாக நிற்கிறது. அதைப் பார்க்க ஆளே இல்லை.

கடீன் வேலை செய்யும் விதம் இது. மேலே கற்பாங்கான சரிவு. அதில் மண் குறைவு, அதனால் மழை உள்ளே இறங்காமல் ஓடிவரும். சரிவு முடியும் பள்ளத்தில், ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு மண்கரை. ஜூலை ஆகஸ்ட்டில் ஒன்றிரண்டு நல்ல மழை பெய்தால் கரைக்கு உள்பக்கம் ஏரி போல நிரம்பிவிடும். கூடுதல் தண்ணீர் கரை உடையாமல் வெளியேறக் கல்லால் கட்டிய வழிவிடு உண்டு. நின்ற தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். சரிவிலிருந்து வந்த வண்டலும் ஆட்டுப்புழுக்கையும் அப்படியே படியும். அக்டோபர் நவம்பரில் தண்ணீர் வற்ற வற்ற, மிச்சத்தை மடை திறந்து விட்டுவிட்டு, ஈரமண்ணில் உழுது விதைப்பார்கள். அந்த ஈரத்திலேயே மார்ச் அறுவடை. உரம் வாங்குவது கிடையாது.

நான் இவ்வளவும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது சித்தப்பா கரைமேல் நடந்து வழிவிடு வரை போய்விட்டுத் திரும்பினார். முகத்தில் ஒரு திகைப்பு.

“ஏப்பா, இது கண்மாய்தான். கலுங்கு இருக்கு, மடை இருக்கு, கரை இருக்கு. ஆனா கண்மாய்க்கு உள்ளயே வெள்ளாமை வச்சிருக்காய்ங்க!”

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நம் கண்மாயில் தண்ணீரை உள்வாயில் தேக்கி, மடை வழியாகக் கீழே ஆயக்கட்டுக்கு விடுகிறோம். இங்கே உள்வாயே வயல். நம் ஊரில் இதைச் செய்தால் ஆக்கிரமிப்பு என்று தாசில்தார் வருவார். இந்த வெயிலில் தண்ணீரைத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் காற்றே குடித்துவிடும். மண்ணுக்குள் ஒளித்து வைப்பதுதான் பத்திரம். தேங்கிய தண்ணீர் கீழே இறங்கும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் இத்தனை நூற்றாண்டாக விளைந்தும் நிலம் உவர் பாயவில்லை. கரைக்கு வெளிப்பக்கம் தோண்டிய கிணற்றில் நல்ல தண்ணீர். குடித்துப் பார்த்தோம்.

“இந்த வயலு எம்புட்டு, மேல சரிவு எம்புட்டுன்னு கேளு” என்றார்.

கேட்டேன். ஒரு பங்கு வயலுக்குக் குறைந்தது பதினொரு பங்கு சரிவு வேண்டும் என்பது கணக்கு. சித்தப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். வருசத்துக்கு நூற்றைம்பது மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள். அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவந்தாலும் ஐம்பது. பதினொரு பங்கிலிருந்து ஐந்நூற்றைம்பது. வயல் மேலேயே விழுந்தது நூற்றைம்பது. ஆக எழுநூறு.

“நம்ம ஊரு மழைக்குக் கிட்ட வந்துருச்சுடா.”

தோராயக் கணக்குதான், பாறைக்குப் பாறை, மழைக்கு மழை மாறும். மழை சரியாகப் பெய்யாத வருடம் கடீன் நிரம்பாது. அப்போது கோதுமையை மறந்துவிட்டுக் கம்போ கொத்தவரையோ போட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சரிவில் யாரும் ஏர் ஓட்டுவதில்லை, குழி வெட்டுவதில்லை, வீடு கட்டுவதில்லை. ஆடு மேய்கிறது, அவ்வளவுதான். ஒரு கல் குவாரி வந்தால் போதும், கீழே கோதுமை முடிந்தது.

மதியம் நிலத்துக்காரர் வீட்டில் சாப்பாடு. கம்பு ரொட்டி, கேர் என்ற காட்டுக்காயைச் சாங்க்ரியோடு சேர்த்த கறி, பெரிய குவளையில் ராப். கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சியது. சித்தப்பா ஒரு வாய் குடித்ததும் என்னைப் பார்த்தார். “நம்ம கூழு!” மூன்று குவளை குடித்தார். வீட்டுக்காரம்மாவுக்கு அவர் சொன்ன தமிழ் நன்றி எப்படியோ புரிந்தது.

ஐந்தாம் நாள், ராம்கட், மோகன்கட்

நேற்று பதிவில் ஒரு திருத்தம். கடீனில் தண்ணீர் “கீழே இறங்கிவிடும்” என்று பொதுவாக எழுதிவிட்டேன். எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பக்கம் சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சம் பாளம் ஓடுகிறது. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அந்தப் பாளத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கும் கீழே இருக்கும் நிலத்தடி நீர் உப்பு. பாளம்தான் இரண்டையும் பிரித்து வைக்கிறது. நடுவில் ஈரமாக நிற்கும் தண்ணீருக்கு ரேஜாணி பாணி என்று தனிப்பெயர். மேலே ஓடுவது பாலர், ஆழத்தில் இருப்பது பாதாளி. ஒரே தண்ணீருக்கு இருக்கும் இடத்தை வைத்து மூன்று பெயர். ராம்கட் பக்கம் பேரி என்று ஆள் இறங்கும் அகலமே உள்ள குறுங்கிணறுகளைத் தோண்டி, பாளத்துக்கு மேலே சுற்றுமணலிலிருந்து ஊறுவதை எடுக்கிறார்கள். ஒரு நாளைக்குச் சில குடம்தான். அதற்கு மேல் ஆசைப்பட்டாலும் வராது.

மாலையில் மோகன்கட். இது வேறு உலகம். பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் சேரும் ஹரிகேயில் கிளம்பிய இந்திரா காந்தி கால்வாய், 649 கிலோமீட்டர் வந்து இங்கே முடிகிறது. 1958இல் வேலை தொடங்கியது. தண்ணீர் இந்த முனைக்கு வந்து சேர்ந்தது 1987 ஜனவரியில். சித்தப்பா கால்வாய்க் கரையில் உட்கார்ந்து காலை நனைத்தார். இமயமலைத் தண்ணீர். இரு பக்கமும் கடுகு மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பார்க்கக் கண்கொள்ளாது. ஜோத்பூருக்கும் பிகானேருக்கும் ஜெய்சல்மேருக்கும் குடிதண்ணீரே இதுதான். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடிக்கும் ராமநாதபுரத்துக்காரன் இதைப் பழிக்க முடியாது.

ஆறாம் நாள்

பகல் முழுக்கச் சாலை. பிகானேருக்கு வந்து சேர இருட்டிவிட்டது. கடைத்தெருவில் கோலா இலந்தை வாங்கினோம். நாட்டு இலந்தையைப் போல நாலு மடங்கு பெரிது. சித்தப்பா கொட்டைகளைத் துண்டில் முடிந்து வைத்துக்கொண்டார். ஒட்டுக்கட்டிய ரகம், கொட்டையில் அதே பழம் வராது என்றேன். “வந்தது வரட்டும்” என்றார்.

ஏழாம் நாள், ஹனுமன்கட் மாவட்டம்

நேற்று முன்தினம் பார்த்த கால்வாயின் மேல்பகுதிக்கு, அதாவது தண்ணீர் முதலில் வந்து சேர்ந்த நாட்டுக்கு வந்திருக்கிறோம். முதல் தலைமுறைக்கு இது பொன்விளையும் பூமியாக இருந்தது. பருத்தி, கோதுமை, நெல்கூட. பாலைவனத்தில் நெல்!

படோபல் பக்கம் சாலையோரம் நாணல் மண்டிய குட்டைகள். நடுவே செத்த மரங்கள். முதலில் ஏரி என்றுதான் நினைத்தேன். வயலாக இருந்த இடம் என்று டிரைவர் சொன்னார். இங்கே அதற்கு சேம் என்று பெயர். கால்வாயிலிருந்து கசிந்ததும், தண்ணீர் வருகிறதே என்று அள்ளிப் பாய்ச்சியதும் கீழே இறங்கிப் போக வழியில்லாமல், அடியில் இருக்கும் கெட்டிப்பாளத்தில் முட்டி, வருடா வருடம் மேலே ஏறி வந்திருக்கிறது. வரும்போது மண்ணில் இருந்த உப்பையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. குட்டை ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சித்தப்பா விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

“உவரு.”

ராம்கட்டில் சொட்டுச் சொட்டாகக் குடிதண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு பாளம்தான் இங்கே வயலை மூழ்கடித்திருக்கிறது. அங்கே விழுந்த மழை அளவுக்குத்தான் தண்ணீர். இங்கே அளவே இல்லை. தைலமரம் நட்டு உறிஞ்ச விட்டும், வடிகால் வெட்டியும் பார்க்கிறார்கள். சில இடத்தில் பலன் இருக்கிறது. சேம் ஏறிய நிலத்துக்காரர் ஒருவர் வீட்டுச் சுவரைக் காட்டினார். இடுப்பளவுக்கு உப்பு அரித்திருந்தது. ஒருகாலத்தில் இதே வீட்டு வாசலில் பருத்தி வண்டி வரிசையாக நிற்கும் என்றார். டீ கொடுத்தார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள், ரயிலில்

கீழ் பெர்த்தில் சித்தப்பா. ஜன்னலுக்கு வெளியே வன்னி மரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. காலையில் புரோக்கர் கூப்பிட்டிருக்கிறார், எடுக்கவில்லை. பிறகு அவராகவே சித்திக்குப் போன் போட்டார். எதிர் சீட்டுக்காரர்கள் தூங்குகிறார்கள் என்ற எண்ணமே இல்லாமல் சத்தமாக.

“இந்தா, அந்த மேட்டுத் தரிசு இருக்குல்ல... ஆமா, அதேதான். போன ஐப்பசில பெருமழை பேஞ்சப்ப அதுல விழுந்த தண்ணி எங்கிட்டுப் போச்சு? கண்மாய்க்கா, ரோட்டுப் பக்கமா?”

அந்தப் பக்கம் சித்தி ஏதோ சொல்ல, இவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நல்லா ஞாபகப்படுத்திப் பாரு. வரத்துக்கால் ஓரமா ஒரு ஓடை ஓடும்ல?”

எனக்கே கேட்கும்படி சித்தி கத்தினாள்: “மழையில நான் வீட்டுக்குள்ள இருந்தேனா, தண்ணி போற வழியப் பாத்துக்கிட்டு நின்னேனா? வந்து நீங்களே பாத்துக்கங்க!”

போனை வைத்துவிட்டுச் சித்தப்பா துண்டை அவிழ்த்து இலந்தைக் கொட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.